ரம்ஜான் அட்வான்ஸ்

என் அக்கா ஒரு நாள் மதியம், டீக்கு மணி அடித்த நேரத்தில், முஸ்லிம் ஆனாள். ஆக்கியது நான். அவளுக்கு அதில் ஆட்சேபம் இல்லை, எனக்கும் இல்லை. ஒரு விரலால் ஒரு எழுத்தைத் தட்டினேன், வேலை முடிந்தது. அந்த ஒரு எழுத்துக்காக அவள் வீட்டுக் கதவை அவளுக்கே சாத்துவார்கள் என்று யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். நடந்ததை இப்போது யோசித்தாலும் நம்ப முடியவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஒரு பக்கம் தோல் பதனிடுவார்கள், மறு பக்கம் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைத் தைப்பார்கள். கம்பெனி மூன்று முஸ்லிம் அண்ணன் தம்பிகளுடையது. கடைசித் தம்பியைச் சின்ன முதலாளி என்போம். வெளிநாட்டு வியாபாரிகள் வந்து போகும் இடத்தில் கம்ப்யூட்டர் ஒன்று இருந்தால் மதிப்பு என்று அவருக்குத் தோன்றிவிட்டது. நான் வேலூரில் கணக்கு பி.எஸ்ஸி முடித்து, மெட்ராஸில் புரோகிராமிங் படித்துவிட்டு, ஒடுகத்தூர் பக்கத்தில் அப்பாவின் வேர்க்கடலை நிலத்தைப் பார்த்தபடி சும்மா இருந்தவன். அக்காவை ஆம்பூரில் கட்டிக்கொடுத்திருந்தது. அந்தக் கம்பெனியில்தான் அவள் தையல் வேலை பார்த்தாள். அவள் போய்க் கேட்டதால் எனக்கு வேலை கிடைத்தது.

கம்ப்யூட்டருக்கு ஏசி அறை கட்டினார்கள். ஊரெல்லாம் சுண்ணாம்பும் ஈரத் தோலும் நாறும்போது அந்த அறையில் மட்டும் புது பிளாஸ்டிக் வாசனை அடிக்கும். வருகிறவர்கள் எல்லோரும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். தூசி ஆகாது என்று நான் சொன்னதை அவர்கள் தீட்டு ஆகாது என்று எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. ஷூ செய்கிற கம்பெனியில் அத்தனை பேரும் வெறுங்காலோடு என் முன்னால் நின்றார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது என்பதை மறைப்பானேன்.

நான் கடவுள் இல்லை என்று சொல்கிறவன். கல்லூரியில் பகுத்தறிவு மன்றத்தில் இருந்து கூட்டம் போட்டவன், நோட்டீஸ் கொடுத்தவன். சாமி கும்பிடுகிற அம்மாவைக் கேலி பண்ணி அடி வாங்கியவன். மதச்சார்பின்மை என்ற சொல்லை மேடையில் தடுக்காமல் சொல்லத் தெரிந்த சிலரில் நானும் ஒருவன். கம்ப்யூட்டரைப் பார்த்ததும் எனக்கு வேறொரு சந்தோஷம் வந்தது. இதற்குச் சாதி தெரியாது, சாமி தெரியாது, சிபாரிசு தெரியாது என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை கம்பெனிக்கு லீவு. அன்றைக்கு மதியச் சாப்பாடு அக்கா வீட்டில். மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், பஜாரில் சைக்கிள் கடை வைத்திருந்தார். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். கடையில் பஞ்சர் ஒட்டக் கொடுத்துவிட்டுக் காசு இல்லை என்று நிற்கிறவரிடம் "நாளைக்குக் குடு, போ" என்பார். நான் கம்ப்யூட்டரைப் பற்றி அளக்கும்போது சோற்றில் கையை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருப்பார்.

"அது தப்பே பண்ணாதா மச்சான்?" என்று ஒரு நாள் கேட்டார்.

"பண்ணாது மாமா. பொய் சொல்றதெல்லாம் மனுஷன்தான். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது."

மாமா தலையை ஆட்டினார். அக்கா மட்டும் "அப்போ அதையே கட்டிக்கோ" என்றாள்.

சம்பளக் கணக்கை மெஷினில் ஏற்றி முடித்ததும் பண்டிகை அட்வான்ஸ் என்னிடம் வந்தது. வருஷத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவருக்கும் ஒரு தொகையை முன்பணமாகக் கொடுத்துவிட்டு மாசாமாசம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். ரம்ஜானுக்கு முன்னால் ஒரு கூட்டம் வாங்கும், தீபாவளிக்கு முன்னால் ஒரு கூட்டம், கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு கூட்டம். இதுவரை அதைக் கையால் எழுதி வந்த ரைட்டர், அதாவது பழைய கணக்குப்பிள்ளை, வேலையை விட்டுவிட்டு மகனோடு இருக்கப் போய்விட்டிருந்தார். யாரிடமாவது கேட்டிருக்கலாம். இதில் கேட்க என்ன இருக்கிறது? ரம்ஜான் முஸ்லிம்களுக்கு, தீபாவளி இந்துக்களுக்கு, கிறிஸ்துமஸ் கிறிஸ்தவர்களுக்கு. மாடு மேய்க்கிறவனுக்கும் தெரிந்த விஷயம். மதம் என்று ஒரு எழுத்துக்கு இடம் ஒதுக்கினேன். இந்து என்றால் எச், முஸ்லிம் என்றால் எம், கிறிஸ்தவர் என்றால் சி. பெயரைப் பார்த்தே எழுத்தைப் போட்டுக்கொண்டு போனேன். எழுத்தைப் பார்த்து மெஷின் பண்டிகையை முடிவு செய்யும். சுருக்கமான, அழகான புரோகிராம். எழுதி முடித்த அன்று எனக்கே என் முதுகைத் தட்டிக்கொள்ளத் தோன்றியது.

நோன்பு பாதி போயிருந்தது. ரம்ஜான் அட்வான்ஸ் வாங்குகிறவர்களின் பட்டியல் தயார் என்று மேஸ்திரிகளிடம் சொல்லி அனுப்பினேன். மதியம் டீ நேரத்தில் என் ஜன்னலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. முதலில் வந்தவர் தோல் பிரிவில் தோலை ஊறவைத்துச் சுற்றும் டிரம் ஓட்டுகிறவர், நெற்றி நிறைய விபூதி.

"எனக்கு ரம்ஜானுக்கு வரலையாமே சார்?"

"உங்களுக்குத் தீபாவளிக்குத்தானே வரும்?"

"நான் எப்பவும் ரம்ஜானுக்குத்தான் வாங்கறது."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற பெண்ணும் இந்துதான், அவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவர் முஸ்லிம். தனக்கு ரம்ஜானுக்கு வேண்டாம், தீபாவளிச் சமயத்தில் தங்கச்சிக்குக் கல்யாணம், அப்போது கொடு என்றார். இன்னொருவர் கழுத்தில் சிலுவை. அவருக்கும் ரம்ஜான்தான் வேண்டுமாம். விஷயம் இதுதான்: ரம்ஜான் வருஷா வருஷம் பத்து நாள் முன்னே நகர்ந்து நகர்ந்து, அந்த வருஷங்களில் சரியாகப் பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்துக்கு வந்து நின்றிருந்தது. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டியவர்கள் எல்லோரும் ரம்ஜான் அட்வான்ஸ் வாங்கினார்கள். யாருக்கு எப்போது தேவையோ அந்தப் பண்டிகையை அவரவர் சொல்வார்கள், ரைட்டர் எழுதிக்கொள்வார். அதுதான் அங்கே வழக்கம். இதை அவர்கள் மதநல்லிணக்கம் என்றெல்லாம் நினைத்ததில்லை. அவர்களுக்கு அது பள்ளிக்கூட ஃபீஸ்.

மேடையில் நான் தொண்டை கிழியப் பேசியதை இவர்கள் ஒரு பேச்சும் இல்லாமல் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள். புரோகிராமைத் திருப்பி எழுத நாள் இல்லை. ரம்ஜான் தலைக்கு மேலே நிற்கிறது. அப்போதுதான் அக்கா ஜன்னலுக்கு வந்தாள்.

"எனக்கும் ரம்ஜானுக்குப் போட்டுடு. பாப்பாவ கான்வென்ட்ல ஆறாவது சேக்கணும்."

"மெஷின்ல எச்னு இருக்குக்கா. எச் இருந்தா தீபாவளிக்குத்தான் வரும்."

"அப்போ அந்த எச்ச மாத்திடு."

"மாத்தினா நீ முஸ்லிம்னு அர்த்தம்."

"யாருக்கு அர்த்தம்?"

"மெஷினுக்கு."

"மெஷினுக்கு நான் யாரா இருந்தா இன்னா? ஸ்கூல் தொறக்குது, சீக்கிரம் போடு."

போட்டேன். அவள் சிரித்துக்கொண்டே பக்கத்தில் நின்றவளிடம் "நான் இப்போ பாயம்மா" என்றாள். வரிசையே சிரித்தது. டிரம் ஓட்டுகிறவர் "சார், என்னையும் பாயாக்கிடுங்க" என்றார். அன்று மாலைக்குள் நிறையப் பேரை மாற்றிவிட்டேன். முஸ்லிம்கள் இந்து ஆனார்கள், இந்துக்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம் ஆனார்கள். உலகத்திலேயே வலியில்லாமல் நடந்த மதமாற்றம் இதுதான் என்று நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

மறுநாள் பட்டியலை அச்சடித்து, வழக்கப்படி கேட்டில் ஒட்டினார்கள். ரைட்டர் காலத்தில் அதன் தலைப்பு 'ரம்ஜான் அட்வான்ஸ்' என்று அவர் கையெழுத்தில் இருக்கும். இந்த முறை தலைப்பைப் போட்டது மெஷின். மதம் என்ற இடத்திலிருந்து அது எடுத்துக்கொண்டது. மேலே இங்கிலீஷில் பெரிய எழுத்தில் 'ரிலிஜன்: முஸ்லிம்' என்று இருந்தது. கீழே வரிசையாகப் பெயர்கள். அதில் பாதிப் பெயர்கள் முருகன் கோயிலுக்குக் காவடி எடுக்கிற வீட்டுப் பெயர்கள், அக்கா பெயர் உட்பட. நான் அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. தொகை சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். கம்பெனியில் இருந்தவர்களும் ஒன்றும் நினைக்கவில்லை. பெயர் இருக்கிறது, பணம் வரும், அவர்களுக்கு அது போதும்.

அந்தக் காகிதத்தை யாரோ கிழித்துக்கொண்டு போனார்கள். இரண்டு நாளில் பஜாரில் ஒரு நோட்டீஸ் வந்தது. தோல் கம்பெனி முதலாளிகள் பணம் கொடுத்து ஏழைத் தொழிலாளர்களை மதம் மாற்றுகிறார்கள், கம்பெனியே வெளியிட்ட ஆதாரம் இதோ என்று போட்டு, கீழே பெயர்கள். அச்சடித்தவர்கள் யார் என்று ஊருக்கே தெரியும். அதுவரை அவர்களை யாரும் பெரிதாக மதித்ததில்லை. பத்துப் பேர் கொண்ட கூட்டம், பிள்ளையார் ஊர்வலத்தில் முன்னால் நடப்பார்கள், அவ்வளவுதான். அந்த நோட்டீஸ் என் கைக்கு வந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெயர்கள் இருந்த வரிசை என் புரோகிராம் போட்ட வரிசை, அப்படியே.

வெள்ளிக்கிழமை சாப்பிட அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா தெருவில், குழாயடியில் நின்றிருந்தாள். பக்கத்தில் ஒரு துணிப்பை, பையைப் பிடித்துக்கொண்டு பாப்பா. கதவு உள்ளே தாழ்ப்பாள். எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாம் வாசலில் வந்து நின்று வேடிக்கை பார்த்தது. அக்கா அழவில்லை. அவள் முகத்தில் இருந்தது ஆச்சரியம்தான்.

"இன்னாக்கா ஆச்சு?"

"உங்க மாமா என்னைப் பாத்து நீ யாருன்னு கேக்கறாருடா."

மாமா கொல்லைப்புறமாகக் கடைக்குப் போய்விட்டிருந்தார். நான் நேராக அங்கே போனேன். ஒரு சைக்கிள் சக்கரத்தைச் சுற்றவிட்டுக் கோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிரவில்லை. நான் நடந்ததை எல்லாம் விளக்கினேன். எச், எம், பள்ளிக்கூடம், ரைட்டர், எல்லாம்.

"மாமா, அது வெறும் எழுத்து."

"பத்திரத்துல இருக்கறதும் எழுத்துதான் மச்சான்."

"நான்தான் மாத்தினேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"அவ கேட்டுதானே மாத்தின?"

"ஆமா, ஆனா…"

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்னு நீதான் சொன்ன. என் வீட்ல உக்காந்து, என் சோத்துல கைய வெச்சிகிட்டு சொன்ன. இப்போ அது பொய் சொல்லுதுன்றியா?"

அவர் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். பதினைந்து வருஷம் கூட வாழ்ந்த பெண்டாட்டி இல்லை என்கிறாள், ஒரு மெஷின் ஆமாம் என்கிறது. அவர் மெஷினை நம்பினார். நம்பச் சொல்லிக்கொடுத்தவன் எதிரில் நின்றேன்.

அக்காவையும் பாப்பாவையும் என் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அப்பா வீட்டுக்குப் போகச் சொன்னதற்கு அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. நான் ஒண்ணும் பண்ணலையே, நான் ஏன் ஊருக்குப் போகணும் என்றாள். என் அறை மாடியில் இருந்தது, கீழே வீட்டுக்கார பாயம்மா. அது இன்னொரு வினை என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. அன்று சாயங்காலம் பாயம்மா பாப்பாவின் கையில் ஒரு கிண்ணம் நோன்புக் கஞ்சி கொடுத்தார். அதைத் தெருவில் யாரோ பார்த்துவிட்டார்கள். பார்த்தாயா, முஸ்லிம் வீட்டிலேயே குடியேறிவிட்டாள், கஞ்சி குடிக்கிறாள் என்று பேச்சு. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஆம்பூரில் நோன்புக் கஞ்சி குடிக்காதவன் யார்? மாமாவே வருஷா வருஷம் தூக்கை எடுத்துக்கொண்டு பள்ளிவாசல் வரிசையில் நிற்பவர்தானே. அந்த வருஷம் அவர் போகவில்லையாம். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள்.

சின்ன முதலாளி என்னைக் கூப்பிட்டனுப்பினார். நோட்டீஸ் அவர் மேசை மேல் கிடந்தது. முகம் வெளுத்திருந்தது.

"ஏம்ப்பா, நாங்க தோல் யாவாரம் பண்றவங்க. எனக்கு இந்த பேஜார்லாம் தேவையா? நாளைக்கு எவனாவது கல்ல விட்டான்னா யாரு பதில் சொல்றது?"

அட்வான்ஸ் பணம் அதற்குள் கொடுத்தாகிவிட்டது, எழுத்துகளை மட்டும் பழையபடி மாற்றச் சொன்னார். மாற்றினேன். நான் எம் ஆக்கிய இந்துக்கள் எல்லாம் மறுபடி எச் ஆனார்கள். புதுப் பட்டியல் அச்சடித்து ஒட்டினோம், அக்கா பெயர் இந்து என்ற தலைப்பின் கீழ் வந்தது. இதை எடுத்துக்கொண்டு மாமாவிடம் ஓடலாம் என்று நினைத்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையாகிவிட்டது. மறுநாளே இரண்டாவது நோட்டீஸ். தங்கள் எதிர்ப்புக்குப் பயந்து கம்பெனி பணிந்துவிட்டது, மதம் மாறியவர்கள் எல்லோரும் தாய்மதம் திரும்பிவிட்டார்கள், அவர்களை வரவேற்க பஜார் அம்மன் கோயிலில் விழா என்று இருந்தது.

நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். எவனும் எங்கேயும் போகவில்லை. போகாதவர்களை வரவேற்க மாலை கட்டுகிறார்கள்.

என் பழைய பகுத்தறிவு மன்றத்துக்காரர் ஒருவர் அப்போது வேலூரில் ஒரு கட்சியில் நல்ல இடத்தில் இருந்தார். ஒரு காலத்தில் கடவுள் சிலையை எடுத்துவிட்டு மருத்துவமனை கட்டுவோம் என்று பேசியவர். பஸ் பிடித்துப் போய் அவரைப் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

"தேர்தல் வரும்போல இருக்குப்பா. இதுல நாங்க வாயத் தொறந்தா ரெண்டு பக்கமும் ஓட்டு கம்மியாய்டும். நீ கொஞ்ச நாள் ஒதுங்கி இரு."

மேடையில் எனக்கு முன்னால் பேசியவர் அவர். அவர் பேச்சைக் கேட்டுத்தான் நான் சாமி படத்தின் முன்னால் விழாமல் நிற்கக் கற்றேன். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு எதுவும் யோசிக்க ஓடவில்லை.

மாமாவிடமிருந்து தகவல் வந்தது. அக்கா அந்த விழாவுக்கு வந்து, நாலு பேர் முன்னால் அம்மன் தீர்த்தம் வாங்கிக்கொள்ளட்டும், அன்றைக்கே வீட்டுக்கு வரலாம் என்று. அக்கா அதைக் கேட்டுவிட்டுப் பாப்பாவுக்குத் தலை வாரினாள். போவாளா மாட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. போய்விடு என்று சொல்ல வாய் வரை வந்தது. ஒரு துளி தண்ணீர்தானே, குடித்துவிட்டு வீட்டுக்குப் போ, எழுத்தை மாற்றுகிற மாதிரிதான் இதுவும் என்று. அந்த நினைப்பே என்னைப் பயமுறுத்தியது.

விழா காலையில் நடந்தது. நான் கூட்டத்தின் ஓரத்தில் நின்றேன். வரிசையாக நாற்காலி, மைக், பந்தல். கம்பெனி ஆட்கள் சிலர் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தார்கள். டிரம் ஓட்டுகிறவரும் இருந்தார். நெற்றி நிறைய விபூதி பூசியவருக்கு இன்னொரு முறை விபூதி பூசினார்கள். பந்தலுக்குப் பின்னால் அன்னதானத்துக்கு அரிசி மூட்டைகள் இறங்கின. இறக்கிய வண்டி எங்கள் கம்பெனி வண்டி. சின்ன முதலாளி கொடுத்தனுப்பியிருந்தார். பயத்தில் ஒரு மனிதன் தன் மேல் பிறர் சொன்ன பொய்க்கே அரிசி போடுவான் என்று நான் அன்றுதான் பார்த்தேன்.

மாமா முன்வரிசையில், வெள்ளை வேட்டியில், கையில் ஒரு மாலையோடு நின்றிருந்தார். மாலையை அவர் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால் அவருக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. அவளை வரவேற்க அவர் நிஜமாகவே ஆசைப்பட்டார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

அக்கா வந்தாள். டிபன் கேரியரோடு, கம்பெனிக்குப் போகிற புடவையில் வந்தாள். கோயில் வழியாகத்தான் கம்பெனிக்குப் போக வேண்டும். மைக்கில் அவள் பெயரைச் சொன்னார்கள். கூட்டம் வழியை அடைத்தது. மாமா இரண்டு எட்டு முன்னால் வந்தார்.

"வா. ஒரு நிமிஷம்தான். எல்லாம் சரியாய்டும்."

"நான் எங்க போனேன், திரும்பி வர்றதுக்கு?" என்றாள் அக்கா.

டிபன் கேரியரை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நான் உங்க வீட்டவிட்டே போகலியே. நீங்கதானே கதவ சாத்தினீங்க. வழி விடுங்க, பெல் அடிச்சிடும்."

விட்டார்கள். அவள் போன பிறகு மைக்கில் இன்னொரு பெயரைக் கூப்பிட்டார்கள். மாமா மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் பக்கத்து நாற்காலியில் வைத்தார். என் கல்லூரிக் கூட்டங்களில் இவ்வளவு தெளிவாக யாரும் பேசிக் கேட்டதில்லை என்று எனக்கு மார்பெல்லாம் பெருமையாக இருந்தது. இனிமேல் இவளை யாரும் அசைக்க முடியாது என்று நம்பினேன்.

ஆனால் வாழ்க்கை பேச்சால் ஓடுவதில்லை. ஒற்றை அறையில் ஒரு தம்பி, அக்கா, வளரும் பெண்பிள்ளை. தெருவில் பாப்பாவைப் பார்த்துப் பிள்ளைகள் புதுப் பெயர் வைத்துக் கூப்பிட்டன. அப்பா ஊரிலிருந்து வந்து தலையில் அடித்துக்கொண்டார். ஆடி முடிந்து இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். நான் வேண்டுமென்றே போகவில்லை. என்ன பேசினார்கள், அக்கா எதற்குச் சம்மதித்தாள் என்று அவள் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு நாள் துணிப்பையை எடுத்துக்கொண்டு அவள் தன் வீட்டுக்குப் போனாள். மாமா வாசலில் வந்து பையை வாங்கிக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். வெள்ளிக்கிழமைச் சாப்பாடு மறுபடி ஆரம்பமானது. மாமா கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை.

அந்த வருஷம் முழுக்க நான் ஒரு வேலை செய்தேன். அட்வான்ஸ் புரோகிராமை அடியோடு தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். மதம் என்ற இடமே அதில் கிடையாது. பண்டிகை என்று ஓர் இடம் மட்டும்தான். யார் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். தலைப்பில் 'ரம்ஜான் அட்வான்ஸ்' என்று மட்டுமே வரும். ரைட்டர் கையால் செய்ததை மெஷினில் செய்துவிட்டேன், இனி ஒரு ஓட்டையும் இல்லை என்று எனக்கு நிம்மதி. ரம்ஜான் அந்த முறை இன்னும் கொஞ்சம் முன்னே நகர்ந்திருந்தது, ஆனாலும் பள்ளிக்கூடம் திறப்பதற்குச் சற்று முன்னால்தான். வசதியாகத்தான் இருந்தது. பட்டியல் போடும் முன் இந்த முறை ஒவ்வொருவரையும் நானே கேட்பது என்று ஜன்னலைத் திறந்து உட்கார்ந்தேன்.

டிரம் ஓட்டுகிறவர் வந்தார்.

"ரம்ஜான்தானே?" என்றேன்.

"இல்ல சார். தீபாவளி."

"ஸ்கூல் ஃபீஸுக்கு?"

"அத வட்டிக்கு வாங்கிக்கறேன் சார். தீபாவளின்னே போடுங்க."

போன வருஷம் தங்கச்சி கல்யாணத்துக்குத் தீபாவளிக்குக் கேட்டவர் வந்தார், ரம்ஜான் என்றார். சிலுவை போட்டவர் கிறிஸ்துமஸ் என்றார். "எதுக்கு சார் வம்பு" என்று சிலர் சேர்த்துச் சொன்னார்கள், பலர் அதுவும் சொல்லவில்லை. திரை முழுக்கப் பச்சை எழுத்தில் பெயர்கள் ஏறிக்கொண்டே வந்தன. பாதிப் பட்டியல் வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. கையை எடுத்துவிட்டேன். இந்துக்கள் எல்லோரும் தீபாவளி, முஸ்லிம்கள் எல்லோரும் ரம்ஜான், கிறிஸ்தவர்கள் எல்லோரும் கிறிஸ்துமஸ். ஒருவர்கூட மாறிச் சொல்லவில்லை. போன வருஷம் நான் யாரையும் கேட்காமல் பெயரைப் பார்த்துப் போட்டேனே, அந்தப் பட்டியல்தான் இது, ஒரு எழுத்துப் பிசகாமல். அப்போது அது தப்பு. இப்போது அது சரி. புரோகிராமைத் திருத்த நான் ஒரு வருஷம் உழைத்தேன், அதற்குள் மனிதர்கள் தங்களைப் பழைய புரோகிராமுக்கு ஏற்பத் திருத்திக்கொண்டிருந்தார்கள்.

அக்காவின் முறை வந்தது. அவளாவது, என்று நினைத்தேன். கோயில் வாசலில் அத்தனை பேரை நிறுத்திக் கேள்வி கேட்டவள்.

"பாப்பாவுக்கு கான்வென்ட் ஃபீஸ் எப்போக்கா கட்டணும்?" என்று நானே எடுத்துக்கொடுத்தேன்.

"இனிமே கான்வென்ட் இல்ல. கவர்மெண்ட் ஸ்கூல்ல போடப்போறோம்."

"ஏன்? நல்லா படிக்கறாளே."

அக்கா முந்தானையைச் சரி செய்துகொண்டாள். நான் குரலைத் தாழ்த்தினேன்.

"அக்கா, இப்போ இதுல மதமே கெடையாது. நான் எடுத்துட்டேன். உனக்கு எப்போ வேணுமோ அத சொல்லு."

அவள் ஒரு முறை திரும்பித் தன் பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், பின்னால் இருப்பவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்.

"எனக்குத் தீபாவளிக்குத்தான் வேணும். எழுதிக்கோ."